கேஸ் பிரீஃப் எழுதுவது எப்படி? ஜூனியர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

சட்டக் கல்லூரி ஜூனியர்கள், எங்கள் ஆபீஸுக்கு இன்டர்ன்ஷிப் வரும் பிள்ளைகள், ஊரில் எதிர்வீட்டுத் தங்கை என்று யாரைப் பார்த்தாலும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில்களை எழுதிவிட்டேன். வரிசையாகப் படியுங்கள். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

அக்கா, கேஸ் பிரீஃப்னா என்ன? கோர்ட்ல வக்கீல்கள் "பிரீஃப் வந்திருக்கு"ன்னு சொல்றாங்களே, அதுவா?

அது வேறு. வக்கீல் வாயில் பிரீஃப் என்றால் கட்சிக்காரர் ஒப்படைத்த வழக்கு, அதன் கேஸ் கட்டு. மாணவர் எழுதும் கேஸ் பிரீஃப் என்பது, ஏற்கெனவே தீர்ப்பு வந்த ஒரு வழக்கைப் படித்துவிட்டுத் தன் உபயோகத்துக்காகத் தன் சொற்களில் எழுதிக்கொள்ளும் ஒன்றிரண்டு பக்கக் குறிப்பு. யார் யார்மேல் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி என்ன, பதில் என்ன, அந்தப் பதிலுக்குக் காரணம் என்ன என்பதுதான் அதில் இருக்க வேண்டும். யாரிடமும் கொடுக்கப் போவதில்லை என்பதால் கையெழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

கைடுல எல்லா கேஸும் நாலு வரியில இருக்கு. அதைப் படிச்சா போதாதா?

பாஸ் ஆகப் போதும். ஆனால் கைடு முடிவை மட்டும் சொல்லும். அந்த முடிவு எந்தப் பாதையில் வந்தது என்பதை விட்டுவிடும், சில சமயம் தவறாகவும் சொல்லும். இது எனக்கே நடந்தது. ஒரு மூட் கோர்ட்டில் (மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றம்), "மைனருக்கு எதிராக எஸ்டாப்பல் கிடையாது, மொஹோரி பீபீ வழக்கு" என்று தெம்பாகச் சொன்னேன். எஸ்டாப்பல் என்றால், ஒன்றைச் சொல்லி மற்றவரை நம்பவைத்தவர் பிறகு அதையே மறுத்துப் பேச முடியாது என்ற தடை. நடுவராக இருந்த மூத்த வக்கீல் தலையை நிமிர்த்தாமல், "அப்படி அந்தத் தீர்ப்பில் எங்கே இருக்கிறது? வரியைக் காட்டம்மா" என்றார். நான் தீர்ப்பைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அன்றைக்கு ராத்திரிதான் முதல்முறையாகப் படித்தேன். அந்தத் தீர்ப்பில் அப்படி ஒரு வரியே இல்லை. என்ன இருந்தது என்பதைக் கீழே உதாரணத்தில் சொல்கிறேன்.

என்னென்ன தலைப்பு போடணும்? ஒவ்வொரு சாரும் ஒவ்வொன்னு சொல்றாங்க.

தலைப்புகளின் பெயரில் சண்டை வேண்டாம். மேலே வழக்கின் பெயர், சைட்டேஷன் (தீர்ப்பு எந்தத் தொகுப்பில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற குறி), எந்த நீதிமன்றம், தீர்ப்பு நாள், எத்தனை நீதிபதிகள் அமர்ந்தார்கள் என்ற விவரம். அப்புறம் சங்கதிகள் (வழக்குக்கு அடிப்படையாக நடந்தவை), கீழ் நீதிமன்றங்களில் நடந்தது, எழுவினா (நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்வி), தீர்ப்பு, காரணம். கடைசியில் 'என் குறிப்பு' என்று ஒரு பகுதி. நீதிபதிகளின் எண்ணிக்கையைப் பெரும்பாலானவர்கள் எழுதாமல் விடுகிறார்கள். அது எவ்வளவு முக்கியம் என்பது கடைசிக் கேள்வியில் தெரியும்.

இடத்தைப் பங்கு போடும்போது காரணத்துக்குப் பாதியைக் கொடுங்கள். ஜூனியர்களின் பிரீஃப்களில் முக்கால் பக்கம் கதை, கடைசி இரண்டு வரியில் "எனவே மனு ஏற்கப்பட்டது" என்று முடிந்திருக்கும். அதில் தப்பித்தவறி ஒரு காரணத்தைக்கூடப் பார்க்க முடியாது.

ஒரு கேஸை எடுத்து முழுசா செஞ்சு காட்டுங்களேன்.

நான் அவமானப்பட்ட வழக்கையே எடுத்துக்கொள்வோம். மொஹோரி பீபீ எதிர் தர்மோதாஸ் கோஷ், 1903, பிரிவி கவுன்சில் (அன்றைக்கு இந்திய வழக்குகளின் இறுதி மேல்முறையீட்டைக் கேட்ட லண்டன் மன்றம்), ஐ.எல்.ஆர். 30 கல்கத்தா 539.

சங்கதிகள்: தர்மோதாஸ் மைனர். 1895 ஜூலையில் கல்கத்தாவில் வட்டிக்கடைக்காரர் பிரம்மோ தத்துக்குத் தன் வீடுகளை 20,000 ரூபாய்க்கு அடமானம் எழுதிக் கொடுத்தார். பிரம்மோ தத் அப்போது ஊரில் இல்லை. அவருக்காகக் காரியம் பார்த்தவர் கேதார்நாத் என்ற அட்டர்னி. பையன் மைனர் என்று அவனுடைய தாயின் அட்டர்னி கேதார்நாத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தார். தனக்கு வயது வந்துவிட்டது என்று பையனிடம் ஓர் உறுதிமொழியும் எழுதி வாங்கப்பட்டிருந்தது. அடமானத்தை ரத்து செய்யக் கோரி, தாயைக் காப்பாளராகக் கொண்டு மைனர் வழக்குப் போட்டார். கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் இரண்டு கட்டத்திலும் மைனர் பக்கமே தீர்ப்பு. பிரம்மோ தத் இறந்துவிட்டதால் அவருடைய உயில் நிறைவேற்றுநர்கள் மேல்முறையீட்டை நடத்தினார்கள். மொஹோரி பீபீ என்ற பெயர் அப்படித்தான் வழக்கின் தலைப்பில் ஏறியது. கடன் கொடுத்தவர் மொஹோரி பீபீ என்று தேர்வில் எழுதுகிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள்.

எழுவினாக்கள் மூன்று. மைனர் செய்த ஒப்பந்தம், அவர் விரும்பினால் தள்ளக்கூடியதா, தொடக்கத்திலிருந்தே செல்லாததா? வயதைப் பற்றிப் பொய் சொன்னவர் பிறகு "நான் மைனர்" என்று சொல்ல, எஸ்டாப்பலைப் பற்றிய சாட்சியச் சட்டம் பிரிவு 115 தடையா? வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

தீர்ப்பும் காரணமும்: ஒப்பந்தச் சட்டம் பிரிவு 10, 11-ஐச் சேர்த்துப் படித்தால் ஒப்பந்தம் செய்யத் தகுதியே இல்லாதவர் செய்தது ஒப்பந்தமே ஆகாது. ஆகவே அது தொடக்கத்திலிருந்தே செல்லாது. தகுதி உள்ளவர்களுக்கு இடையிலான ஒப்பந்தத்துக்குத்தான் பிரிவு 64, 65 பொருந்தும் என்பதால் அவற்றின் கீழ்ப் பணம் திரும்பக் கேட்க முடியாது. 1877-ஆம் வருடத்துக் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் பிரிவு 41-ன் கீழ்ப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு விருப்புரிமை உண்டு. ஆனால் மைனர் என்று தெரிந்தே கொடுத்த கடன் இது என்பதால் கீழ் நீதிமன்றங்கள் அப்படிச் சொல்லாததில் பிரிவி கவுன்சில் தலையிடவில்லை.

இனி அந்த எஸ்டாப்பல். மைனருக்குப் பிரிவு 115 பொருந்துமா என்ற கேள்வியை இப்போது தீர்மானிக்கத் தேவையில்லை என்று பிரிவி கவுன்சில் ஒதுக்கிவைத்துவிட்டது. உண்மை ஏற்கெனவே தெரிந்தவரிடம் சொன்ன பொய்யால் அவர் ஏமாறவில்லை, ஆகவே எஸ்டாப்பலுக்கு வேலையே இல்லை என்பதுதான் சொன்ன காரணம். கேதார்நாத்துக்குத் தெரிந்தது பிரம்மோ தத்துக்கும் தெரிந்ததாகவே கொள்ளப்பட்டது. கைடு சொல்லும் விதி தவறில்லை. மைனர் எழுதிய பத்திரத்தை வைத்து எஸ்டாப்பல் வாதம் எழுப்ப முடியாது என்று 1928-ல் சாதிக் அலி கான் வழக்கில் அதே பிரிவி கவுன்சில் சொன்னது. சுட்ட வேண்டிய வழக்கு அது.

தீர்ப்போட முழு வாசகம் எங்க கிடைக்கும்? காசு கட்டணுமா?

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குக் காசு வேண்டாம். 2023 ஜனவரியிலிருந்து இ-எஸ்.சி.ஆர். தளத்தில் அதிகாரபூர்வத் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. இந்தியன் கானூன் என்ற இணையதளத்தில் தேடுவது இன்னும் எளிது. கல்லூரி நூலகத்தில் தூசி படிந்து நிற்கும் ஏ.ஐ.ஆர். (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்) தீர்ப்புத் தொகுதிகளையும் ஒருமுறையாவது கையில் எடுங்கள். 'ஏ.ஐ.ஆர். 1951 எஸ்.சி. 226' என்பதில் எந்த எண் வருடம், எந்த எண் பக்கம் என்று புத்தகத்தைப் புரட்டினால் ஒரே நிமிடத்தில் விளங்கிவிடும்.

ஹெட்நோட்டைப் பார்த்து எழுதிடலாமா?

வேண்டாம். தொகுப்பை வெளியிடும் ஆசிரியர் குழு எழுதுவதுதான் ஹெட்நோட். அது தீர்ப்பின் பகுதி அல்ல, அதை மேற்கோள் காட்டவும் கூடாது. எங்கே எது இருக்கிறது என்று தேட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கதிகள்ல எதை வைக்கிறது, எதை விடுறது? எல்லாமே முக்கியம் மாதிரி தெரியுது.

முதல் வாசிப்பில் எல்லாம் முக்கியமாகத்தான் தெரியும். அதனால் சங்கதிகளைக் கடைசியில் எழுதுங்கள். காரணத்தை எழுதி முடித்த பிறகு திரும்பி வந்து, நீதிமன்றம் எந்தச் சங்கதியைப் பிடித்துக்கொண்டு தீர்ப்பு சொன்னதோ அதை மட்டும் வையுங்கள். மொஹோரி பீபீயில் அந்தக் கடிதம் இல்லாவிட்டால் எஸ்டாப்பல் பகுதி வேறு மாதிரி போயிருக்கும். அதனால் கடிதம் கட்டாயம் இருக்க வேண்டும்.

செண்பகம் துரைராஜன் வழக்கைப் பாருங்கள் (1951). சென்னை மாகாணத்தின் கம்யூனல் ஜி.ஓ. (சாதி, மதவாரியாக இடம் ஒதுக்கிய அரசாணை) படி மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. அடிப்படைச் சங்கதி இந்தப் பங்கீடுதான். வழக்குப் போட்ட செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது கேட்பதற்குச் சுவாரசியமான செய்தி. ஆனால் அரசு அதை ஆட்சேபணையாக எழுப்பவில்லை, முடிவும் அதைச் சார்ந்து நிற்கவில்லை. அதற்கு அரை வரி போதும். இந்த வழக்கிலும் ஒரு கைடு வலை உண்டு. பலர் அரசியலமைப்பின் விதி 15 என்று எழுதுவார்கள். உச்ச நீதிமன்றம் ஜி.ஓ. செல்லாது என்று சொன்னது விதி 29(2)-ஐ வைத்து.

எழுவினா எழுதவே வரமாட்டேங்குது. "விதி 19 மீறப்பட்டதா?"ன்னு எழுதினா சார் வெட்டிடுறார்.

சார் வெட்டியது சரிதான். அந்த ஒரு வரியை நூறு வழக்குக்கு ஒட்டலாம். இந்த வழக்குக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி எழுத வேண்டும். சங்கதி கொஞ்சம், சட்டம் கொஞ்சம், இரண்டும் சேர்ந்து ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரே கேள்வியாக இருக்க வேண்டும்.

ஆர்.ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு (1994) வழக்கை எடுங்கள். ஆட்டோ சங்கர் வழக்கு என்றால் எல்லோருக்கும் தெரியும். மரண தண்டனைக் கைதியான அவர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை நக்கீரன் வெளியிட இருந்தது. அதில் அதிகாரிகளுக்கு அவரோடு இருந்த தொடர்புகள் வருவதாகப் பேச்சு. வெளியிட வேண்டாம் என்று சிறைத்துறையிலிருந்து கடிதம் போனது. பத்திரிகை தரப்பு நேரே உச்ச நீதிமன்றம் போனது. "கருத்துரிமை மீறப்பட்டதா?" என்பது சோம்பேறி எழுவினா. "தங்களுக்கு அவதூறு வரும் என்று அதிகாரிகள் அஞ்சும் ஒரு கட்டுரையை, அது அச்சாவதற்கு முன்பே தடுத்து நிறுத்த அரசுக்கு அதிகாரம் உண்டா?" என்று எழுதினால் பதிலும் தானாக வரும். இல்லை, வெளியான பிறகு வழக்குப் போடலாம், முன்கூட்டித் தடுக்க முடியாது. இரண்டாவது எழுவினா, ஒருவரின் அனுமதி இல்லாமல் அவர் வாழ்க்கையை எழுதலாமா என்பது. பொது ஆவணங்களில் இருப்பதை எழுதலாம், அதைத் தாண்டினால் அந்தரங்க உரிமையில் கை வைத்ததாகலாம்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. சுயசரிதையை ஆட்டோ சங்கர்தான் எழுதினாரா என்பதில் இரு தரப்புக்கும் தகராறு. நீதிமன்றம் அதைத் தீர்க்கவில்லை. அவர் எழுதவுமில்லை, அனுமதிக்கவுமில்லை என்று வைத்துக்கொண்டு மேலே போனது. நிரூபிக்கப்பட்ட சங்கதி எது, நீதிமன்றம் வைத்துக்கொண்ட அனுமானம் எது என்று பிரித்து எழுதுங்கள்.

ரேஷியோ எது, ஒபிட்டர் எது? இதுதான் எனக்குப் புரியவே இல்ல.

யாருக்கும் முதல் வருடத்தில் புரிவதில்லை. முடிவைத் தாங்கி நிற்கும் காரணம் ரேஷியோ, போகிற போக்கில் சொன்னது ஒபிட்டர். சோதிக்க ஒரு பழைய வழி உண்டு: அந்த வாக்கியத்தைத் தலைகீழாக்கிப் பாருங்கள். முடிவு மாறினால் அது ரேஷியோவாக இருக்கலாம், மாறாவிட்டால் ஒபிட்டர். "மைனரின் ஒப்பந்தம் செல்லும்" என்று திருப்பினால் மொஹோரி பீபீயில் அடமானம் நின்றுவிடும். ஆகவே அது ரேஷியோ. ராஜகோபால் வழக்கில், பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணின் பெயரைப் பொது ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது என்று ஒரு விதிவிலக்கும் சொல்லப்பட்டது. அந்த வழக்கில் அப்படி யாரும் கட்சிக்காரராக இல்லை. திருப்பிப் பார்த்தாலும் முடிவு அசையாது.

இந்தச் சோதனை எப்போதும் வேலை செய்யாது. ஒரே முடிவுக்குத் தனித்தனியே போதுமான இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டால், ஒன்றைத் திருப்பினாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். அப்போது இரண்டையும் ரேஷியோ என்றே எழுதுங்கள். ஒபிட்டர் என்பதால் தூக்கிப் போட்டுவிடவும் கூடாது. உச்ச நீதிமன்றத்தின் ஒபிட்டருக்கு உயர் நீதிமன்றங்கள் நல்ல மரியாதை தருகின்றன.

கேசவானந்த பாரதி கேஸை எப்படி பிரீஃப் பண்றது? பார்த்தாலே தலை சுத்துது.

நாடாளுமன்றம் அரசியலமைப்பை எந்த அளவுக்குத் திருத்தலாம் என்பது பற்றிய வழக்கு அது. 13 நீதிபதிகள், 11 தனித்தனித் தீர்ப்புரைகள், 7-க்கு 6 என்ற பெரும்பான்மை. முழுவதையும் படித்து பிரீஃப் எழுதுகிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். முதலில், 9 நீதிபதிகள் கையெழுத்திட்ட ஒரு பக்கச் சுருக்கத்தைப் படியுங்கள். மீதி 4 பேர் அதில் கையெழுத்திடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து நீதிபதி எச்.ஆர்.கன்னாவின் தீர்ப்புரை. தராசு சாய்ந்தது அவரால்தான் என்பதால் அவர் எந்த அளவுக்குப் போனார், எங்கே நின்றார் என்பதே அந்த வழக்கின் ரேஷியோவுக்கு எல்லை. பிறகு ஒரு தாளில் கட்டம் போட்டு, 13 பேருக்கும் ஆளுக்கு ஒரு வரி: அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு வரம்பு உண்டா, உண்டென்றால் எது?

தனித்தனித் தீர்ப்புரைகள் உள்ள எல்லா வழக்குக்கும் இதே வழிதான். அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் (2017) கடைசியில் 9 பேரும் சேர்ந்து கையெழுத்திட்ட உத்தரவு இருக்கிறது. கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது ஒன்றும் குற்றமில்லை.

மாறுபட்ட தீர்ப்பை எழுதணுமா? அதான் தோத்துப் போச்சே?

ஒரு பத்தி எழுதுங்கள். 1950-ல், சென்னை மாகாணச் சிறையில் தடுப்புக்காவலில் இருந்த ஏ.கே.கோபாலனின் வழக்கில் நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டு எழுதினார். அடிப்படை உரிமைகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பார்க்கக் கூடாது என்ற அந்தப் பார்வைதான் 1970-ல் 11 நீதிபதிகள் அமர்ந்த ஆர்.சி.கூப்பர் வழக்கில் வென்றது. 1978-ல் மேனகா காந்தி வழக்கு அதன்மேல்தான் எழுந்து நின்றது. தோற்றதை எழுதாமல் விட்டால் 1950-லிருந்து 1978-க்கு எப்படி வந்தோம் என்றே புரியாது.

இப்ப பி.என்.எஸ்.னு புதுத் தண்டனைச் சட்டம் வந்தாச்சு. பழைய ஐ.பி.சி. கேஸையெல்லாம் பிரீஃப் பண்ணி என்ன பிரயோஜனம்?

2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றங்களுக்கு இன்னமும் ஐ.பி.சி.தான் என்பது ஒன்று. புதிய சட்டத்தில் பல பிரிவுகளின் வாசகம் ஏறக்குறைய அப்படியே வந்திருக்கிறது என்பது இன்னொன்று. விர்சா சிங் வழக்கு (1958), கொலை என்றால் என்ன என்று சொல்லும் ஐ.பி.சி. பிரிவு 300-ன் மூன்றாவது உட்பிரிவைப் பற்றியது. ஒரே ஒரு ஈட்டிக் குத்து, ஆள் மறுநாள் இறந்துபோனார். அந்தக் காயத்தை உண்டாக்கும் எண்ணம் இருந்ததா என்பதுதான் கேள்வி, அது சாவை விளைவிக்கும் என்று குத்தியவருக்குத் தெரியுமா என்பது கேள்வியே இல்லை என்று நீதிபதி விவியன் போஸ் பிரித்துக் காட்டினார். அதே உட்பிரிவு இப்போது பி.என்.எஸ். பிரிவு 101-ல் இருக்கிறது. பிரீஃபின் ஓரத்தில் புதிய எண்ணை எழுதி, வாசகம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

சட்டம் மாறியதால் தீர்ப்பு செத்ததா, பெரிய பெஞ்ச் (கூடுதல் நீதிபதிகள் உள்ள அமர்வு) தள்ளியதால் செத்ததா என்பதையும் பிரித்தறியுங்கள். செண்பகம் துரைராஜன் தீர்ப்பு வந்த அதே 1951-ல் முதல் அரசியலமைப்புத் திருத்தம், பிற்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் விதி 15(4)-ஐக் கொண்டுவந்தது. நாடாளுமன்றம் சட்டத்தையே மாற்றியது. 'ஓவர்ரூல்டு' (பெரிய பெஞ்ச் தள்ளியது) என்று எழுதினால் தப்பு.

ஏ.ஐ.கிட்ட கேட்டா அரை நிமிஷத்துல பிரீஃப் தருதே அக்கா?

தருகிறது. இல்லாத வழக்கையும் தருகிறது. 2023-ல் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியான்கா வழக்கில், சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை மனுவில் சுட்டிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அந்த ஆபத்து இல்லாவிட்டாலும், பிரீஃப் எழுதுவதில் உங்களுக்குக் கிடைப்பது எழுதும்போது மண்டையில் நடக்கும் வேலைதான். ஆங்கிலம் கடினமாக இருந்தால் ஒரு பத்தியைப் புரிய வைக்கச் சொல்லுங்கள், அப்புறம் மூலத்தோடு ஒத்துப் பாருங்கள்.

தமிழ்லயே பிரீஃப் எழுதலாமா?

தாராளமாக. புரிந்ததா என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல சோதனை கிடையாது. ஆனால் நீதிமன்றம் தீர்ப்பைத் தொங்கவிட்டிருக்கும் அந்த ஒரு ஆங்கில வாக்கியத்தை மட்டும் பத்தி எண்ணோடு அப்படியே எழுதி வையுங்கள். "வரியைக் காட்டம்மா" என்று யாராவது கேட்பார்கள். உச்ச நீதிமன்றத் தளத்தில் உள்ள தமிழ் மொழிபெயர்ப்புகள் படிக்க உதவும், சுட்டுவதற்கு ஆங்கில மூலம்தான்.

ஒரு கேஸுக்கு மூணு மணி நேரம் ஆகுது. செமஸ்டர்ல அம்பது கேஸ் இருக்கே!

அம்பதையும் எழுதாதீர்கள். பேப்பருக்கு எட்டு, பத்து வழக்கை முழுதாக எழுதினால் மற்றவற்றுக்கு ஐந்து வரி போதும். எனக்கு முதல் பிரீஃபுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையே போனது. பத்தாவதை ஒரு மணி நேரத்தில் முடித்தேன். முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாமல், இரண்டாவதில் ஓரக் குறிப்பு மட்டும் போட்டு, தீர்ப்பை மூடிவிட்டு எழுதினேன். ஹைலைட்டர் என்னிடம் ஒருநாளும் வேலை செய்ததில்லை. பக்கம் முழுக்க மஞ்சளாகும், அவ்வளவுதான்.

ரெண்டு தீர்ப்பு ஒன்னுக்கொன்னு முரணா இருந்தா எதை எழுதறது?

இரண்டையும் எழுதி, பெஞ்சின் அளவைப் பாருங்கள். அந்தரங்க உரிமையின் கதையே இதுதான். ராஜகோபால் வழக்கில் அந்த உரிமை உண்டென்று சொன்னவர்கள் இரண்டே நீதிபதிகள். அதற்கு வெகு முன்பே, 1954-ல் எம்.பி.சர்மா வழக்கில் 8 நீதிபதிகளும் 1962-ல் கரக் சிங் வழக்கில் 6 நீதிபதிகளும் அமர்ந்து, அப்படி ஒரு அடிப்படை உரிமை இல்லை என்ற தொனியில் சொல்லியிருந்தார்கள். ஆதார் வழக்கில் ஒன்றிய அரசு இதைத்தான் பிடித்துக்கொண்டது. சிறிய பெஞ்ச் எத்தனை முறை சொன்னாலும் பெரிய பெஞ்சைத் தாண்ட முடியாதே. அதனால்தான் 2017-ல் புட்டசாமி வழக்கில் 9 பேர் அமர்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்று சொல்ல வேண்டி வந்தது.

ராஜகோபால் வழக்கின் என் பழைய பிரீஃபில் மேல் மூலையில் '2 நீதிபதிகள்' என்று நீல மையில் இருக்கிறது. பக்கத்தில் பிறகு கறுப்பு மையில் எழுதியது: 'புட்டசாமி, 24-8-2017, 9 பேர். சர்மா, கரக் சிங் பார்க்க.'